மனேயின் மதுக்கூட ஓவியத்தைப் பார்ப்பது எப்படி: கண்ணாடி, சமச்சீர், குறியீடு

எடுவார் மனே வரைந்த ‘ஃபோலி பெர்ழேரில் ஒரு மதுக்கூடம்’ என்னும் ஓவியத்தின் முன் முதன்முறையாக நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். பெண் நடுவில் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் பெரிய நிலைக்கண்ணாடி இருக்கிறது, அப்படியிருக்க அவளுடைய பிம்பம் மட்டும் ஏன் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளித் தெரிகிறது என்பதே அந்தக் கேள்வி. ஓவியர் தவறு செய்துவிட்டார் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். வேறு சிலர் உடனே குறியீட்டுக்குத் தாவி, இது பிளவுண்ட பெண்மனம் என்றோ நகர வாழ்வின் தனிமை என்றோ விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். இரண்டும் அவசரம் என்பது என் எண்ணம். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அளந்து பார்க்க வேண்டும், கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பொருள் தேட வேண்டும். அந்த வரிசையில் இந்த ஓவியத்தை அணுகும் முறையை இங்கே விளக்குகிறேன். நிலைக்கண்ணாடி இடம்பெறும் வேறு ஓவியங்களுக்கும் இதே முறை உதவும்.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் சிலவே. மனே 1832ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். இந்த ஓவியத்தை 1881ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வரைந்து, 1882ஆம் ஆண்டு பாரிஸின் சலோன் கண்காட்சியில் வைத்தார். அவர் முடித்த கடைசிப் பெரிய ஓவியம் இதுதான். அப்போதே நோய் முற்றி, நடப்பதற்கும் நெடுநேரம் நிற்பதற்கும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். 1883 ஏப்ரல் 30ஆம் நாள், 51ஆம் வயதில், இடக்காலை வெட்டி எடுத்த சில நாட்களிலேயே இறந்துபோனார். ஃபோலி பெர்ழேர் 1869இல் திறக்கப்பட்ட கேளிக்கை அரங்கம். பாட்டு, நடனம், சர்க்கஸ் வித்தைகள் எல்லாம் அங்கே நடக்கும், பார்வையாளர்கள் குடித்தபடியும் உலாவியபடியும் அவற்றைப் பார்ப்பார்கள். ஓவியத்தில் நிற்பவள் அங்கே உண்மையாகவே வேலை பார்த்த பெண்; சூசோன் என்பது அவள் பெயர். ஆனால் ஓவியம் அந்த அரங்கத்தில் வரையப்பட்டதன்று. அரங்கத்தில் குறிப்புச் சித்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து, தம் ஓவியக்கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதில் புட்டிகளை அடுக்கி, சூசோனை அதன் பின்னால் நிறுத்தி மனே வரைந்தார். அந்த வேளையில் அங்கே சென்றிருந்த ழானியோ என்னும் இளம் ஓவியர், பெண்ணை எதிரில் நிறுத்தியிருந்தபோதிலும் மனே இயற்கையை அப்படியே படியெடுக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி நமக்கு மிகவும் தேவைப்படும்.

நல்ல பிரதியும் ஒரு நூலும்

மூல ஓவியம் லண்டனில் சாமர்செட் ஹவுஸ் கட்டடத்திலுள்ள கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. சாமுவேல் கோர்ட்டால்ட் என்னும் ஜவுளித் தொழிலதிபர் 1926இல் வாங்கியது. அதன் உயரம் 96 செ.மீ., அகலம் 130 செ.மீ. அங்கே போக முடியாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் பெரிய அளவுப் படத்தைத் தரவிறக்கி, ஏ4 தாளைக் கிடைவாக்கில் வைத்து 26 செ.மீ. அகலத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம், அப்போது உயரம் ஏறத்தாழ 19 செ.மீ. வரும், மூலத்தில் 5 செ.மீ. உள்ளது உங்கள் தாளில் 1 செ.மீ. ஆகும். ஓரங்கள் வெட்டுப்படாத படமா என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள். நான் பல ஆண்டுகள் வைத்திருந்த அச்சுப் பிரதி ஒன்றில் மேல் விளிம்பைச் சற்றே நறுக்கியிருந்தார்கள். அதனால் இடப்பக்க மேல் மூலையில் ஒரு ஜோடிப் பச்சைக் காலணிகள் தொங்குவதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் காலணிகள் இல்லாமல் இந்த ஓவியத்தைப் பார்ப்பது, கடைசிப் பக்கம் கிழிந்துபோன கதையைப் படிப்பதைப் போன்றது.

படத்தைக் கையில் எடுத்த உடனே பெண்ணின் முகத்துக்குப் போகாதீர்கள். கீழிருந்து மேலே செல்லுங்கள். கீழ் விளிம்பை ஒட்டி வெள்ளைப் பளிங்குப் பலகை படத்தின் முழு அகலத்துக்கும் ஓடுகிறது. அதன்மேல் இருபுறமும் புட்டிகள் நிற்கின்றன: கழுத்தில் தங்கத் தாள் சுற்றிய ஷாம்பெயின் புட்டிகள், பச்சை நிறப் புதினா மதுப் புட்டி, சிவப்பு முக்கோணம் அச்சிட்ட பழுப்பு நிறப் பீர்ப் புட்டிகள். பெண்ணுக்கு வலப்பக்கத்தில், அதாவது நம் பார்வையில் வலப்பக்கத்தில், ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு ரோஜாக்களும், காலுடைய கண்ணாடிக் கிண்ணத்தில் கமலா ஆரஞ்சுகளும் இருக்கின்றன. பலகைக்குப் பின்னால் பெண். அவளுக்குப் பின்னால், அவளுடைய மணிக்கட்டுகளின் உயரத்தில், ஒரு பொன்னிறப் பட்டை கிடைக்கோடாக ஓடுகிறது. அந்தப் பட்டைதான் நிலைக்கண்ணாடியின் கீழ்ச் சட்டம். அதற்கு மேலே தெரியும் கூட்டம், மாடம், சரவிளக்கு, தூண்களின் மீதுள்ள வெண்ணிற விளக்குக் கோளங்கள் எல்லாமே கண்ணாடியில் விழும் பிம்பங்கள். உண்மையான அரங்கம் நமக்குப் பின்னால், நம் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. இதை உணர்வதற்கே பலருக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களை அவசரப்படாமல் செலவழியுங்கள், ஏனென்றால் படத்தில் நம் கைக்கு எட்டும் ஆழம் பளிங்குப் பலகையும் பெண்ணும் நிற்கும் சில அடிகள் மட்டுமே, மீதி அத்தனையும் இரசம் பூசிய ஒரு தட்டையான பரப்பு என்னும் உண்மை மனத்தில் பதிந்தால்தான் அடுத்து வருபவை புரியும்.

சமச்சீரை அளந்து பார்த்தல்

இப்போது ஒரு கறுப்பு நூலை எடுத்து, தாளின் இட விளிம்பிலிருந்து 13 செ.மீ. தொலைவில், மேலிருந்து கீழாக நேராகப் பிடியுங்கள். நூல் பெண்ணின் முகத்தையும், கறுப்பு நாடாவில் கழுத்தில் தொங்கும் பதக்கத்தையும், மார்பில் செருகிய மலர்க்கொத்தையும், மேலாடையின் பொத்தான் வரிசையையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் கோத்துக்கொண்டு கீழே இறங்கும். தோள்களிலிருந்து இறங்கும் இரு கைகளும் நூலுக்கு இருபுறமும் விரிந்து, உள்ளங்கைகள் பளிங்கின் விளிம்பில் ஊன்றி நிற்கின்றன. தலை உச்சி, இரண்டு கைகள் ஆகிய மூன்றையும் பென்சிலால் இணைத்தால் அகன்ற அடியுடைய முக்கோணம் கிடைக்கும். கழுத்தில் திறந்திருக்கும் லேஸ் வேலைப்பாடு தலைகீழான சிறு முக்கோணத்தையும், இடுப்புக்குக் கீழே விரியும் மேலாடையின் ஓரங்கள் மீண்டும் ஒரு முக்கோணத்தையும் உண்டாக்குகின்றன. கருவறையில் நேர்முகமாக நிற்கும் திருவுருவங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பின் அமைதி உடனே பிடிபடும். ஐரோப்பியத் தேவாலய ஓவியங்களிலும் மாதாவை இப்படித்தான் நடுவில் நிறுத்துவார்கள். மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மனே அந்த இடத்தைக் கொடுத்தார் என்பது சிறிய செய்தியன்று.

அடுத்து, நூலுக்கு இடப்பக்கம் உள்ளவற்றையும் வலப்பக்கம் உள்ளவற்றையும் இரண்டு பத்திகளாக ஒரு தாளில் எழுதுங்கள். ஷாம்பெயின் இரண்டு பக்கமும் இருக்கிறது. சிவப்பு முக்கோணப் பீர்ப் புட்டியும் இரண்டு பக்கமும் இருக்கிறது. பளிங்குப் பலகையும் பொன்னிறச் சட்டமும் பக்கத்துக்குப் பக்கம் தொடர்கின்றன. பத்திகளில் இணை கிடைக்காமல் எஞ்சுபவையே முக்கியமானவை. வலப்பக்கத்தில் பெண்ணின் முதுகுப் பிம்பமும் உயரமான தொப்பி அணிந்த ஓர் ஆணின் பிம்பமும் எஞ்சுகின்றன. இடப்பக்கத்தில் திறந்த மாடமும் கூட்டமும், மேல் மூலையில் அந்தர ஊஞ்சலில் நிற்கும் வித்தைக்காரரின் பச்சைக் காலணிகளும் எஞ்சுகின்றன. சமச்சீரை ஓர் ஓவியர் இவ்வளவு கவனமாகக் கட்டியெழுப்பிவிட்டுச் சில இடங்களில் மட்டும் உடைக்கிறார் என்றால், உடைந்த இடங்களில்தான் அவர் ஏதோ சொல்கிறார். குறியீட்டைத் தேடுகிறவர்கள் ரோஜாவையும் ஆரஞ்சையும் நோக்கி ஓடுவதற்கு முன்னால் இந்த உடைப்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

பட்டியலில் உள்ள இரண்டு உருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். வித்தைக்காரருக்குக் காலடி மட்டும் இருக்கிறது, உடலும் முகமும் இல்லை. தொப்பிக்காரருக்குப் பிம்பம் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. ஒருவர் இடப்பக்க மேல் மூலையில் வெட்டுப்படுகிறார், மற்றவர் வலப்பக்க விளிம்பில் வெட்டுப்படுகிறார். முழுதாகவும் நேராகவும் நம் முன் நிற்பது சூசோன் மட்டுமே.

கண்ணாடியைக் கையால் செய்து பார்த்தல்

எல்லாருக்கும் ஐயம் எழுவது இந்தப் பகுதியில்தான் என்பதால் இதற்குச் சற்று நேரம் ஒதுக்குவோம். பள்ளியில் படித்த விதி ஒன்று போதும்: சமதளக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதே தொலைவில் கண்ணாடிக்குப் பின்னால் அதன் பிம்பம் இருப்பதாகத் தோன்றும். கண்ணாடியின் கீழ்ச் சட்டம் ஓவியத்தில் சரியாமல் கிடைக்கோடாகவே ஓடுவதால், கண்ணாடி ஓவியத்தின் பரப்புக்கு இணையாக இருக்கிறது, சாய்வாக மாட்டப்படவில்லை என்று கொள்ளலாம். அப்படியானால் பெண்ணுக்கு நேர் எதிரில் நிற்பவருக்கு அவளுடைய பிம்பம் அவள் உடலுக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். மேலும், பிம்பத்தில் தொப்பிக்காரர் அவளோடு முகத்துக்கு முகம் நிற்பதாகத் தெரிவதால், அவர் நமக்கும் அவளுக்கும் இடையில் நின்று அவளை மறைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. 1882இல் ஸ்டாப் என்ற புனைபெயரில் வரைந்துகொண்டிருந்த கேலிச்சித்திரக்காரர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு, ‘விடுபட்ட’ ஆளைப் பெண்ணின் முன்னால் தாமே வரைந்து சேர்த்து ஓவியத்தைத் ‘திருத்தி’ வெளியிட்டார். ஆகவே இந்தக் குழப்பம் நம் காலத்தில் தோன்றியதன்று, ஓவியம் சுவரில் ஏறிய அன்றே தோன்றியது.

ஒரு மேசையைச் சுவரில் சாய்த்த முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்னால் போடுங்கள். கண்ணாடி 40 செ.மீ. அகலமாவது இருந்தால் வசதி. கண்ணாடி சரியாமல் செங்குத்தாக நிற்கட்டும். அதன் நடுப்பகுதிக்கு நேராக, கண்ணாடியிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். அவள்தான் சூசோன். டம்ளருக்கு நேர் எதிரில், கண்ணாடியிலிருந்து 100 செ.மீ. தொலைவில் உங்கள் முகம் இருக்கும்படி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். டம்ளரின் பிம்பம் டம்ளருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இப்போது கண்ணாடியிலிருந்து உள்ள தொலைவை மாற்றாமல், முகத்தை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். பிம்பம் டம்ளரின் வலப்பக்கத்திலிருந்து வெளியே வரத் தொடங்கும். நீங்கள் 60 செ.மீ. நகர்ந்த நிலையில் டம்ளரும் பிம்பமும் நன்றாகப் பிரிந்து நிற்கும். பிம்பம் வலப்பக்கம் தெரிகிறது என்றால் பார்ப்பவர் வலப்பக்கம் நிற்கிறார் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

அடுத்த படிதான் வியப்பூட்டுவது. ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து, கண்ணாடியிலிருந்து 50 செ.மீ. தொலைவில், டம்ளரின் நேர்க்கோட்டிலிருந்து 5 செ.மீ. இடப்பக்கமாக வையுங்கள். அவர்தான் தொப்பிக்காரர். வலப்பக்கம் நகர்ந்த அதே இடத்திலிருந்து பாருங்கள். உண்மையான புட்டி உங்கள் பார்வையில் டம்ளருக்கு இடப்பக்கம் வெகுதூரம் விலகி நிற்கும். ஆனால் கண்ணாடிக்குள் புட்டியின் பிம்பம் டம்ளரின் பிம்பத்துக்கு வலப்பக்கத்தில், அதை ஒட்டினாற்போல நிற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வதைப் போலவே தோன்றும். பிம்பங்கள் ஒட்டித் தெரியவில்லையென்றால் புட்டியை ஒரு விரல் அகலம் இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு கைப்பேசியைக் கண்ணாடிக்கு இணையாகப் பிடித்து, டம்ளரை நோக்கித் திருப்பாமல், அகலமாக ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் டம்ளர் நடுவில் வரும்படியும், உண்மையான புட்டி இடப்பக்க விளிம்புக்கு வெளியே போகும்படியும் வெட்டிவிட்டால் உங்கள் கையில் இருப்பது மனேயின் ஓவிய அமைப்பு. நடுவில் ஒருத்தி, வலப்பக்கத்தில் அவளுடைய பிம்பம், அதனருகே எங்கிருந்தோ வந்த ஓர் ஆள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் மால்கம் பார்க் 2001ஆம் ஆண்டையொட்டி இதையே பெரிய அளவில், உண்மையான மேசையும் கண்ணாடியும் ஆட்களும் வைத்துப் புகைப்படமாக எடுத்துக்காட்டினார். பார்ப்பவர் நடுவில் நிற்கவில்லை, வலப்பக்கம் தள்ளி நிற்கிறார். தொப்பிக்காரர் சூசோனுக்கு எதிரில் இல்லை, இடப்பக்கம், ஓவியத்தின் விளிம்புக்கு வெளியே நிற்கிறார். அவர்களுடைய உரையாடல் கண்ணாடியில் மட்டுமே நிகழும் தோற்றம். நூறாண்டுக்கு மேல் பிழை என்று சொல்லப்பட்டதற்கு இப்படி ஒரு நேரான விடை இருந்தது என்பதை முதன்முதலில் டம்ளரும் புட்டியும் வைத்துச் சரிபார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனாலும் இத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். ஓவியத்துக்குத் திரும்பி, பெண் நிற்கும் நிலையையும் அவள் பிம்பம் நிற்கும் நிலையையும் ஒப்பிடுங்கள். நம் முன் நிற்பவள் நிமிர்ந்து நிற்கிறாள். பிம்பத்தில் இருப்பவள் முன்னால் சாய்ந்து, எதிரில் இருப்பவரின் பேச்சுக்குச் செவி கொடுப்பவளைப் போல இருக்கிறாள், உடலும் சற்றுப் பருத்துத் தெரிகிறது. இடப்பக்கப் புட்டிகளின் வரிசையைக் கண்ணாடியில் தெரியும் புட்டிகளோடு ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தால் அவையும் முழுமையாக ஒத்துப்போகா. இதைவிட வலுவான சான்று எக்ஸ்ரே ஆய்வில் கிடைத்தது. சூசோனின் கைகள் முதலில் ஊன்றிய நிலையில் இல்லை, உடலுக்குக் குறுக்கே ஒரு கை மற்றதைப் பற்றியிருந்தது. அவளுடைய பிம்பமும் முதலில் அவளுக்கு இன்னும் அருகில் இருந்தது, வரைந்துகொண்டே போகையில் மனே அதை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஒளியியல் விதியைக் கடைப்பிடிப்பது மட்டுமே அவர் நோக்கமாக இருந்திருந்தால் இந்த நகர்த்தலுக்குத் தேவை இருந்திருக்காது. கைகள் விரிந்து சமச்சீர் கூடியதும், பிம்பம் விலகி அந்தச் சமச்சீரை உடைத்ததும் ஒரே ஓவியத்தின் உருவாக்கத்திலேயே நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே விலகல் கண்ணாடி விதிக்கு உட்பட்டதாகவும் இருக்கிறது, ஓவியர் விரும்பித் தேர்ந்தெடுத்ததாகவும் இருக்கிறது என்பது என் முடிவு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுபவர்களின் விளக்கம் எனக்கு நிறைவளிப்பதில்லை.

குறியீட்டைச் சோதித்துப் பார்த்தல்

ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பொருள் அந்த இடத்தில் இயல்பாகவே இருக்கக்கூடியதா, ஓவியர் அதற்குத் தேவைக்கு மேற்பட்ட இடமோ ஒளியோ நிறமோ கொடுத்திருக்கிறாரா, சமச்சீர்க் கோட்டோடும் அதன் உடைப்போடும் அதற்கு உறவு உண்டா. இந்த ஓவியத்தில் பெரும்பாலான பொருட்கள் முதல் கேள்வியிலேயே ஆம் என்று விடை சொல்லிவிடும். மதுக்கூடத்தில் மதுப் புட்டி இருப்பதற்குக் குறியீட்டு விளக்கம் தேவையில்லை. கமலா ஆரஞ்சு விலைமகளிரைக் குறிப்பது என்று எழுதியவர்கள் உண்டு; மனேயின் வேறு ஓவியங்களிலும் ஆரஞ்சு வருவதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது போதிய ஆதாரமாகப் படவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கிய ஆரஞ்சு நிறம், கறுப்பும் சாம்பலும் நீலமும் நிரம்பிய படத்தில் சூடான திட்டாக இருந்து கண்ணை வலப்பக்கம் இழுக்கிறது. பிம்பத்தை நோக்கி நம்மை அழைத்துச் செல்லும் வேலையைச் செய்கிறது. இதை நாமே கண்ணால் சரிபார்க்கலாம், வேறு ஓவியங்களின் துணை தேவையில்லை.

சிவப்பு முக்கோணம் வேறு வகை. இங்கிலாந்தின் பாஸ் நிறுவனத்துப் பீரின் அடையாளம் அது. அந்நாட்டின் வணிகக் குறிப் பதிவுச் சட்டத்தின்கீழ் 1876இல் முதலாவதாகப் பதிவான குறியும் அதுவே. ஃபோலி பெர்ழேருக்கு வெளிநாட்டவர் நிறைய வந்தார்கள் என்பதையும், பிரான்ஸ் 1871இல் ஜெர்மானியரிடம் தோற்றதன் கசப்பு அங்கே மறையாமல் இருந்தது என்பதையும் வைத்து, ஜெர்மானியப் பீர் இல்லாததற்குச் சிலர் காரணம் கற்பிக்கிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, கைபட வரைந்த ஓவியத்துக்குள் இயந்திரத்தில் அச்சிட்ட வணிக முத்திரை ஒன்று, நூலின் இருபுறமும், அவ்வளவு துல்லியமாக இடம்பெற்றிருப்பது. சூசோனின் முகத்தைவிட அந்த முக்கோணம் கூர்மையாக வரையப்பட்டிருக்கிறது. பளிங்குப் பலகையின்மேல் உள்ளவை எல்லாம் விலைக்கு உள்ளவை என்பதை அது உரக்கச் சொல்கிறது.

இப்போது இடப்பக்கக் கடைக்கோடியில் நிற்கும் சிவந்த புட்டியின் சீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மனே 1882’ என்று எழுதியிருக்கும். ஓவியர் தம் கையொப்பத்தை மூலையில் தனியாக இடாமல், விற்பனைப் பொருளொன்றின் சீட்டில் இட்டார். ஓவியமும் விலைக்கு உள்ளதுதான், அதை வரைந்தவனும் இந்தச் சந்தையில்தான் நிற்கிறான் என்று அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டார் என்று நான் படிக்கிறேன். மேற்சொன்ன மூன்று கேள்விகளில் முதலாவதற்கு இந்தப் புட்டி ‘இல்லை’ என்று விடை சொல்கிறது, ஏனென்றால் அந்தப் பெயரில் எந்த மதுவும் அந்தக் கடையில் இருந்திருக்காது. எனவே இதைக் குறியீடு என்று கொள்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ரோஜாக்களின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. குவளையில் இரண்டு பூக்களும் சூசோனின் மார்பில் ஒரு கொத்தும் இருக்கின்றன. ஒன்று அவளுக்குச் சொந்தம், மற்றது கடைக்குச் சொந்தம். நடக்க முடியாத கடைசி மாதங்களில் மனே சிறுசிறு கண்ணாடிக் குவளைகளில் வைத்த பூக்களைத் தொடர்ந்து வரைந்தார். அந்தச் சிறு ஓவியங்களைப் பார்த்த பிறகு இந்தக் குவளைக்குத் திரும்பி வந்தால், தண்ணீருக்குள் மூழ்கிய காம்புகளின்மீது விழும் ஒளியை அவர் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார் என்பது தெரியும். இதற்குப் பெயர் சூட்டாமல் விட்டுவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது.

கண்ணாடியே குறியீடா என்று கேட்டால், ஆம் என்பேன், ஆனால் மரபின் வழியில் அன்று. ஐரோப்பிய ஓவியத்தில் பெண்ணின் கையில் கண்ணாடி இருந்தால் அது அழகின் செருக்கையோ, அழகின் நிலையாமையையோ, சில வேளைகளில் உண்மையையோ குறிக்கும். அந்தப் பெண் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்வாள். இங்கே சூசோன் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அது அவளுக்குக் காட்டுவது எதுவுமில்லை. அவளைப் பற்றி நமக்குத்தான் ஏதோ காட்டுகிறது. முன்பக்கத்தில் யாருடைய பேச்சுக்கும் செவிசாய்க்காத, எங்கோ போய்விட்ட பார்வை. பின்பக்கத்தில் வாடிக்கையாளரின் பக்கம் சாய்ந்து வேலை செய்யும் உடல். நாள் முழுதும் ஆட்களிடம் சிரித்துப் பேசி வேலை பார்க்கும் எவருக்கும் இந்த இரண்டு நிலைகளும் ஒரே உடலில் இருப்பது புதிதன்று. பார்ப்பவர் நடுவில் நிற்பதாக எண்ணிக்கொண்டால் நாமே அந்தத் தொப்பிக்காரர் ஆகிவிடுகிறோம், அவள் கண்கள் நம் கேள்விக்காகக் காத்திருக்கின்றன. பார்ப்பவர் வலப்பக்கம் தள்ளி நிற்பதாகக் கணக்கிட்டால் நாம் யாரோ மூன்றாம் ஆள், அவளும் அந்த மனிதரும் உண்மையில் பேசிக்கொள்ளவேயில்லை. இரண்டு நிலைகளிலிருந்தும் மாறி மாறிப் பாருங்கள். நேர்முகமான சமச்சீர் நம்மை நடுவில் நிறுத்துகிறது, விலகிய பிம்பம் நம்மை வலப்பக்கம் இழுக்கிறது. ஓவியத்தின் முன் உண்மையிலேயே நிற்பவர்கள் தம்மையறியாமல் இடமும் வலமும் நகர்ந்து பார்ப்பது இதனால்தான்.

பயிற்சிக்கு அடுத்ததாக எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு உண்டு. பிரெஞ்சு ஓவியர் கைபோத் 1880இல் வரைந்த, ரூவான் நகர அருங்காட்சியகத்தில் உள்ள உணவகக் காட்சி ஒன்று. அதில் கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடி தெரியும், எது எதற்கு எதிரே இருக்கிறது என்று மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஒன்று போட்டால்தான் விடுபட முடியும். மற்றது இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆங்கர் 1856இல் முடித்த, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள மொய்த்தெசியே சீமாட்டியின் உருவப்படம். பூப்போட்ட உடையில் அமர்ந்து, ஒரு விரலைக் கன்னப்பொறியில் ஊன்றி, அவர் நம்மை நேராகப் பார்க்கிறார். அவருக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியில் அவருடைய பக்கவாட்டு முகம் தெரிகிறது. நூலை வேறெங்கும் வைக்க வேண்டாம், கண்ணாடியின் சட்டத்தில் வையுங்கள். டம்ளருக்குப் பதிலாக முகம் வரைந்த ஒரு எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்து, அந்தப் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும்வரை கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். கிடைத்த பிறகு உங்கள் கண்ணாடி எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதை ஆங்கரின் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.